சில்லுக்கு வைத்த கல்

எங்கள் குடும்பத்துக்குள் மருமகனாகவோ மருமகளாகவோ யார் புதிதாக வந்தாலும், முதல் மாதத்துக்குள் அவர்களுக்கு ஒரு கதை சொல்லப்படும். நான் காரைக் கோயிலடியில் நிறுத்திவிட்டு, அது உருளாமல் சில்லுக்குக் கல் வைக்க மறந்துபோன கதை. குருக்கள் பூசை செய்துகொண்டிருக்கும்போதே கார் தன்பாட்டுக்குப் பின்னால் உருண்டுபோய் இன்னொரு காரை இடித்த கதை. சொல்பவர்களில் பாதிப் பேர் அதைக் கண்ணால் காணாதவர்கள். அன்றைக்குப் பிறந்தேயிராதவர்கள்கூட, தாங்களும் அந்த வாசலில் நின்றவர்கள் மாதிரிக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு யாராவது எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுவார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒருமுறை, நடந்தது அப்படியில்லை என்று தொடங்கினேன். மருமகன் ஒருவர், "மாமி இண்டைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டா" என்றார். சிரிப்பு இன்னும் கூடியது. அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. கோபத்தினால் இல்லை, களைத்துவிட்டது. ஒரே விஷயத்தை நெடுகச் சுமந்தால் கை தானாக மரத்துப்போகிறது. எழுதும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன், வேறு ஒரு நோக்கமும் இல்லை.

கார் வந்தது அம்மாவின் காலுக்காக. அம்மாவுக்குச் சலரோகம், இரத்தத்தில் சீனி. இடது பாதத்தில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. கிழமையில் இரண்டு நாள் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து கட்ட வேண்டும். நாங்கள் இருந்தது புங்குடுதீவில், குறிகட்டுவானுக்குப் போகிற வீதியோடு. பஸ் வரும் என்பார்கள், வராது. வந்தால் ஏற இடம் இராது. நாடு கெட்டுக்கொண்டிருந்த காலம், பஸ் வராததைப் போய்ச் சொல்வதற்கும் ஓர் ஆள் இருக்கவில்லை. அம்மா வீதிக்கரையில் காலை நீட்டிக்கொண்டு குந்தியிருக்கிறா என்று யாரோ எழுதி, ஜேர்மனியில் இருந்த அண்ணாவுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பழைய ஒஸ்ரின் ஏ போட்டி கார் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. சாம்பல் நிறம். கதவைச் சாத்தினால் மற்றப் பக்கக் கதவு திறக்கும்.

வந்த காரை ஓட ஆளில்லை. அப்பா ஓய்வு பெற்ற போஸ்மாஸ்ரர். ஒருநாள் அதற்குள் ஏறி இருந்து, ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் பிடித்து, எஞ்சின் இரைந்ததும் இறங்கிவிட்டார். தனக்கு அது சரிவராது என்றார். நான் பழகுகிறேன் என்றேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன், கலியாணம் ஆகவில்லை. தீவுப்பகுதியில் அந்தக் காலத்தில் ஒரு பெண் கார் ஓடியதை நான் கண்டதில்லை, கேள்விப்பட்டதுமில்லை. அப்பா காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, "பழகு" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக இன்றைக்கும் அவருக்கு நன்றியுடையவளாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பழக்கியவர் எங்கள் சந்தியில் வாடகைக் கார் ஓடிக்கொண்டிருந்த ஓர் அண்ணை. அவருடையதும் ஏ போட்டிதான், ஆனால் கறுப்பு. பின்னேரங்களில் என்னைப் புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கிற பாலத்துக்குக் கொண்டுபோவார். பாலம் என்று சொல்வதே தவிர, கடலுக்குள் கல்லும் மண்ணும் கொட்டிப் போட்ட நேரான ஒடுங்கிய வீதி அது. இரண்டு பக்கமும் தண்ணீர். இதில் நேராக ஓடப் பழகினால் வேறெங்கும் ஓடலாம் என்பார். கிளச்சை விடத் தெரியாமல் நான் காரைத் துள்ள வைக்கும்போது ஏச மாட்டார். வெற்றிலையை மென்றபடி, கார் தானாக அடங்கும் வரையும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் காருக்கு இரண்டு குறை. கைப்பிறேக் பெயருக்கு இருந்தது, இழுத்தால் கையோடு வரும். கியரில் போட்டு நிறுத்தினால் கொஞ்ச நேரம் பிடிக்கும், பிறகு தானாகக் கழன்றுவிடும். சாமான் கிடைக்காத காலத்தில் இதற்கு வைத்தியம் ஒன்றுதான். தீவில் ஓடிய வாடகைக் கார்களெல்லாம் பின்பக்கம் ஒரு கல்லைக் கொண்டு திரிந்தன. நிறுத்தினால் இறங்கி முதல் வேலையாகச் சில்லுக்குக் கல் வைப்பார்கள். தட்டையான தீவில் கார் எங்கே உருளப் போகிறது என்று கேட்கலாம். மதகடி, துறைமுகத்தடி, கோயில் வாசல் எல்லாம் மேடுதான். ஓடிப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு யாழ்ப்பாணக் கச்சேரியில் லைசென்ஸ் கிடைத்த அன்று அண்ணை ஒரு முருகைக்கல் கொண்டுவந்து தந்தார். கடற்கரைகளில் கிடக்கிற ஓட்டை விழுந்த கல். அந்த ஓட்டைக்குள்ளால் ஒரு தும்புக் கயிற்றைக் கோத்து, கயிற்றின் மற்ற நுனியில் வளையம் மாதிரி ஒரு தடம் போட்டிருந்தார். கல்லைச் சில்லுக்கு வைத்துவிட்டுத் தடத்தைப் பம்பரில் கொழுவ வேண்டும். வெளிக்கிடும்போது கல்லை மறந்துவிட்டுப் போகாமல் இருக்க அது.

"தங்கச்சி, பிறேக்கை நம்பாதையும், கியரை நம்பாதையும். இதை நம்பும்" என்றார்.

நம்பினேன். எட்டு மாதம் ஓடினேன். செவ்வாயும் வெள்ளியும் விடியவே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து கட்டி, வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பவும் பாலத்தால் பள்ளிக்கூடம் போவேன். மற்ற நாட்களில் வழியில் நிற்கிற இரண்டு மூன்று ரீச்சர்மாரையும் ஏற்றிக்கொள்வேன். முதலில் சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. பிறகு பழகிவிட்டது. அப்பா ஒருநாளும் முன் சீற்றில் இருக்க மாட்டார். சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பெரிய உத்தியோகத்தர் மாதிரிப் பின் சீற்றின் நடுவில் இருப்பார். ஆரேனும் கண்டால், "பிள்ளைதான் ஓடுறது" என்று கேட்காமலே சொல்வார். கார் எங்கும் ஒரு கீறல் படவில்லை. என்னுடைய வாழ்க்கையில் நான் நினைத்த நேரம் நினைத்த இடத்துக்குப் போய்வந்த எட்டு மாதம் அது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் அதிகம் இல்லை.

எண்பத்தாறாம் ஆண்டு சித்திரை வருஷப்பிறப்பன்று காருக்குப் பூசை செய்விக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். எங்கள் பிள்ளையார் கோயில் வாசல், முருகைக்கல் கொட்டி மேடாக்கிய இடம். வீதியிலிருந்து ஏறித்தான் போக வேண்டும். வாகனப் பூசையென்றால் காரின் முகம் சுவாமியைப் பார்த்து நிற்க வேண்டும். நான் ஏற்றி நிறுத்தி, கியரில் போட்டு, இறங்கி, பின் சில்லுக்குக் கல் வைத்து, தடத்தைப் பம்பரில் கொழுவினேன். வாசலுக்குக் கீழே வீதியோரமாக அண்ணையின் கறுப்புக் கார் நின்றது. நயினாதீவுக்குப் போக வந்த ஆட்களை அவர் காலையில் குறிகட்டுவானில் இறக்கிவிட்டு வந்திருந்தார்.

அம்மாவுக்குக் கால் கழுவ வேண்டும். புண் நனையாமல் கழுவுவது ஒரு பெரிய வேலை. அவவைக் கைபிடித்துக் கோயில் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் திரும்பி வந்தபோது சனம் உள்ளே விபூதிக்கு நெருக்குப்பட்டுக்கொண்டிருந்தது. அப்பா காரடியில் தனியாக நின்றார். பூசை முடியக் கார் நசித்துக்கொண்டு போவதற்கு, நாலு சில்லுக்கும் முன்னால் நாலு தேசிக்காய் வைத்திருந்தார். குருக்கள் வந்தார். சனமும் பின்னால் வந்தது. காரின் முகத்தில் சந்தனம் பூசி, மாலை போட்டு, மணியை அடித்துத் தீபம் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். என்ன கேட்டேன் என்று இப்போது நினைவில்லை. அம்மாவின் காலைத்தான் கேட்டிருப்பேன்.

தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது கார் பின்னால் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஆருமில்லை. மாலையும் சந்தனமுமாக, சுவாமியைப் பார்த்தபடியே, மெதுவாக இறங்கிப்போனது. ஓடிப்போய்க் கதவைப் பிடித்தேன், இழுத்துக்கொண்டு போனது. கீழே அண்ணையின் காரின் முன்பக்கத்தில் இடித்து நின்றது. பெரிய சத்தம்கூட இல்லை. அவருடைய காரின் ஒரு லைற் நொறுங்கியது, மட்காட் உள்ளே போயிற்று. ஒருவருக்கும் காயமில்லை. மேலே வாசலில் நாலு தேசிக்காயும் நசியாமல், வைத்தது வைத்தபடியே கிடந்தன.

பிறகு எல்லோரும் பேசினார்கள். பிறேக் போடவில்லை என்றார்கள். பொம்பிளைப் பிள்ளையிடம் காரின் திறப்பைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார்கள். தேசிக்காய் நசியாமல் கார் பின்வாங்கினால் பிள்ளையார் பூசையை ஏற்கவில்லை என்று அர்த்தம் என்று ஒரு மனிசி சொன்னா. அண்ணை மட்டும் தன்னுடைய காரைப் பார்க்காமல் எங்கள் காரின் பின்னால் குனிந்து பார்த்தார். சில்லடியையும் பார்த்தார், பம்பரையும் பார்த்தார். பிறகு மேலே ஏறி வந்து அப்பாவிடம் கேட்டார்.

"தங்கச்சி மறக்கிற ஆள் இல்லை, போஸ்மாஸ்ரர். கல்லு எங்கை?"

அப்பா சால்வையை மற்றத் தோளுக்கு மாற்றினார். "பிள்ளை கல்லு வைக்க மறந்திட்டுது" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் அப்பா பொய் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. முத்திரை ஒட்டாத கடிதத்தை எடுத்துக் கொடுக்கச் சொல்லிச் சொந்தத் தமையன் கேட்டபோதும் மறுத்த மனிதர். ஆகவே நான் என்னைத்தான் சந்தேகித்தேன். கல்லை வைத்தேனா? குனிந்தது நினைவிருக்கிறது. அது இன்றைக்கா, நேற்று ஆஸ்பத்திரி வாசலிலா? ஒவ்வொரு நாளும் செய்கிற வேலைக்குத் தனித்தனி நினைவு இருக்காது. "மறந்திட்டன் போலை கிடக்கு" என்றேன். என் வாயால் சொன்னேன். ஊருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அன்று பின்னேரம் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா படுத்திருந்தார். அண்ணை உள்ளே வரவில்லை. கையில் அந்த முருகைக்கல் இருந்தது. கோயில் மதிலோரம், பூவரசுக்குப் பின்னால் கிடந்ததாகச் சொன்னார். அதை விறாந்தைக் கட்டின் மேல் வைத்துவிட்டு, லைற் வேறு போடலாம், அதை யோசிக்க வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார்.

நான் கல்லைப் பார்த்தேன். கயிறு கல்லைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. நீளப்பாட்டில் இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று, நுனியை உள்ளே செருகி ஒரு இழுப்பு. எங்கள் வீட்டில் பழைய கடுதாசிக் கட்டுகள், கிடுகுக் கட்டு, ஜேர்மனிக்கு அனுப்புகிற புழுக்கொடியல் பார்சல் எல்லாம் அப்படித்தான் கட்டியிருக்கும். முப்பது வருஷம் தபாற் கட்டுக் கட்டிய கை. ஒரு கயிறு அவிழ்ந்து கிடந்தால் அந்தக் கை சும்மா விடாது. கல்லை எடுத்து ஒதுக்கிய அவசரத்திலும் அதைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் வைத்திருக்கிறார்.

கோபம் பிறகு வந்தது. முதலில் வந்தது ஒரு விதமான ஆறுதல். நான் மறக்கவில்லை, என் கை தன் வேலையைச் செய்திருக்கிறது. அதற்கு அடுத்த நிமிஷம், அப்படியென்றால் அப்பா தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறார் என்பது உறைத்தது. கல்லை நான் தொடவில்லை. அவர் எழும்பி வந்தால் காணட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

அடுத்த நாள் காலையில் கல் அதே இடத்தில் இருந்தது. கயிறு அவிழ்த்துத் தொங்கவிடப்பட்டிருந்தது.

நான் காத்திருந்தேன். அன்று சொல்வார் என்று நினைத்தேன். அடுத்த நாள் சொல்வார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. அம்மாவை வெளிக்கிடுத்திவிட்டுத் திறப்பை எடுக்கப் போனேன். அது தொங்குகிற ஆணியில் இல்லை. அப்பா அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

"இனி வேண்டாம், பிள்ளை. எங்களுக்குச் சரிவராது" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே அண்ணையின் கார் வந்து நின்றது, ஒரு லைற் இல்லாமல். அவரை முதல் நாளே ஒழுங்கு பண்ணியிருந்தார்.

ஏன் நான் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நானே என்னைப் பல தரம் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அம்மா அப்பாவைக் கேட்டிருப்பா, அப்பா தலைகுனிந்திருப்பார். அதை எனக்குப் பார்க்க மனமில்லை. கோயில் வாசலில் அத்தனை பேருக்கு முன்னால் சொன்ன சொல்லை அவர் எப்படித் திருப்பி எடுப்பார் என்றும் யோசித்தேன். எல்லாவற்றையும்விட, ஒரு மாதத்தில் ஊர் மறந்துவிடும், அப்பாவும் இரங்கித் திறப்பைத் தருவார் என்று நம்பினேன். அதுதான் நான் விட்ட பிழை. ஊர் எதை மறந்தாலும் இப்படியான ஒன்றை மறக்காது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு 'றிவேஸ் ரீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னால் ஒரு உறுமல் கேட்கும். குருக்கள் தேசிக்காய் விஷயத்துக்காக ஓர் அர்ச்சனை செய்விக்கச் சொல்லி அனுப்பினார். அதையும் செய்தோம், என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும்.

திரும்பவும் பஸ்ஸுக்கு நின்றேன். நின்று, வராமல், பாலத்தால் நடந்தேன். வெயிலில் அந்தப் பாலம் முடியாது. கார் ஓடிப் பழகின அதே இடத்தில், இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு, கொப்பிக் கட்டுகளோடு நடப்பேன். அப்பாவை வெறுக்க முயன்றிருக்கிறேன். முடியவில்லை. நான் களைத்து வந்து குசினிக்குள் குந்தினால் தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து தருவார். என் செருப்பு அறுந்தால் எனக்கு முன்னமே தைப்பித்து வைத்திருப்பார். ஒன்றை மட்டும் தரமாட்டார். அதை நான் கேட்கவுமில்லை. கேட்காமல் தர வேண்டும் என்று நினைத்தேன். அந்த வீம்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

கார் கொட்டிலுக்குள் நின்றது. மாதத்தில் ஒருநாள் அண்ணை வந்து எஞ்சினை இயக்கிவிட்டுப் போவார். ஒவ்வொரு முறையும் அப்பாவுக்குக் கேட்கக்கூடியதாக, தங்கச்சி ஒருக்கால் ஸ்ராட் பண்ணட்டுமே என்று கேட்பார். அப்பா வேலியைப் பார்ப்பார். பிறகு பெற்றோல் கிடைக்காமல் போயிற்று, அண்ணை வருவதும் நின்றது. இடையில் எத்தனையோ விதமான ஆட்கள் துவக்கோடு வந்து வீட்டைச் சோதித்தார்கள். வந்தவர்களெல்லாம் கேட்ட ஒரே கேள்வி, இந்தக் காரை ஓடுகிறது ஆர் என்பது. அப்பா ஒவ்வொரு முறையும் ஓட ஆளில்லை என்றே சொன்னார். நான் அவருக்குப் பக்கத்தில், அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பேன். பயந்துதான் அப்படிச் சொன்னார், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்றது.

தொண்ணூற்றொன்றில் ஊர் வீடு வாசலை விட்டு எழும்பியது. அதற்கு முந்திய வருஷமே வேலணைப் பக்கம் இராணுவம் வந்து பாலம் மூடப்பட்டுவிட்டது. எங்கள் பக்கமும் வரப் போகிறார்கள் என்றதும் சனம் வள்ளங்களில் யாழ்ப்பாணக் கரைக்குப் போகத் தொடங்கியது. எங்களுக்கு ஒரு வள்ளத்தில் இடம் கிடைத்தது. விடிந்து சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு பை என்றார்கள். அம்மாவின் கால் ஆறியிருந்தது, ஆனால் இரண்டு விரல் இல்லை. அவவை அண்ணை சைக்கிளில் இருத்திக் கரைக்கு உருட்டிக்கொண்டு போனார். நான் வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவைத் தேடினேன். காணவில்லை.

கொட்டிலுக்குள் இருந்தார். முழங்காலில் நின்று, காரின் பின் சில்லுக்கு அந்த முருகைக்கல்லை வைத்துக்கொண்டிருந்தார். ரயர் காற்றுப் போய்த் தரையோடு படிந்திருந்தது. அந்தக் கார் எங்கும் உருளப் போவதில்லை. கயிற்றின் தடத்தைப் பம்பரில் கொழுவினார். எழும்பக் கஷ்டப்பட்டார், கையைக் கொடுத்தேன். கையை விடாமலே சொன்னார்.

"அண்டைக்குக் கல்லை எடுத்தது நான்தான், பிள்ளை."

சனம் விபூதிக்கு நின்ற நேரத்தில் குருக்கள் ஒருக்கால் வெளியே வந்தாராம். விக்கினம் தீர்க்கிற பிள்ளையாருக்கு முன்னால் சில்லுக்குத் தடை வைத்துக்கொண்டு பூசை செய்கிறதா என்று கேட்டாராம். அப்பாவுக்கும் அது சரியென்று பட்டதாம். ஐந்து நிமிஷத்துக்குக் கியர் பிடிக்கும்தானே என்று நினைத்து எடுத்தாராம். கார் இடித்து நிற்க, அண்ணை வந்து கேட்டதும் வாயில் வந்தது அதுதானாம்.

"பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான். நாள் போயிட்டுது" என்றார். "அங்காலை போய்ச் சேர முன்னம் ஆக்களுக்கும் நானே சொல்லுறன்."

மடியிலிருந்து திறப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஐந்து வருஷம் நான் பார்த்துக்கொண்டிருந்த திறப்பு. அந்த ஐந்து வருஷமும், அவர் இதைச் சொல்கிற நாளில் நான் என்னென்ன கேட்பேன் என்று நடந்து நடந்து யோசித்து வைத்திருந்தேன். உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது.

"வள்ளம் நிக்குது. வாங்கோ, அப்பா" என்றேன்.

கரையில் எல்லோரும் இருந்தார்கள். அன்று கோயில் வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு வள்ளத்துக்குள் இருந்தார்கள். ஆளாளுக்குப் பையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. நான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்தேன். வள்ளம் கரையை விட்டது. பனைகள் தெரிந்தன, பிறகு கோயில் கோபுரம் தெரிந்தது. முன்னால் இருந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரீச்சர், காருக்குக் கல்லு வைச்சுப்போட்டோ வாறியள்? இல்லாட்டி எங்களுக்குப் பின்னாலை கடலுக்கை இறங்கி வந்திடும்."

வள்ளம் முழுக்கச் சிரித்தது. அன்று காலையிலிருந்து ஒருவரும் சிரித்திருக்கவில்லை. அழுத பிள்ளையும் நிறுத்திவிட்டுப் பார்த்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அண்ணை மட்டும் சிரிக்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். நானும் அப்பாவைப் பார்த்தேன். சொல்வதென்றால் இதுதான் இடம், இவர்கள்தான் ஆட்கள். கரை சேர்ந்தால் ஆளுக்கொரு திக்கில் போய்விடுவார்கள். அப்பாவின் வாய் திறந்தது.

அவரும் சிரித்தார். எல்லோரோடும் சேர்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஓம், வைச்சாச்சு" என்றேன் பெரியவரிடம். திறப்பு என் கைக்குள் இருந்தது.